600 பவுண்டுக்கு ஒரு குவெர்ச்சினோ: வாங்கலாமா?

கேள்வி: கும்பகோணத்தில் 31 வருடம் டிராயிங் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது லண்டனில் மகன் வீட்டில் இருக்கிறேன். இங்கே வந்தபிறகு ஆன்லைன் ஏலங்களைப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. இங்கிலாந்தின் ஒரு சிற்றூர் ஏல நிறுவனம் அடுத்த வாரம் விற்கப்போகும் பழைய கோட்டோவியம் ஒன்று கண்ணைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது. தாடி வைத்த முதியவர் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். பேனா, பழுப்பு மை, மேலே வாஷ் (பிரஷ்ஷால் பூசிய நீர்த்த மை). 'குவெர்ச்சினோ வரைந்ததாகக் கருதப்படுவது' என்று போட்டிருக்கிறார்கள், 17-ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியராம். வலது மூலையில் அந்தப் பெயர் மையால் எழுதியிருக்கிறது. இடது மூலையில் பி.எல். என்ற எழுத்துகளோடு சின்ன முத்திரை. அட்டையில் ஒட்டப்பட்டு, கண்ணாடி போட்டிருக்கிறதாம். எஸ்டிமேட் 600 முதல் 800 பவுண்டு. சேமிப்பில் 1,000 பவுண்டு வரை என்னால் போட முடியும். அமெரிக்காவில் ஒருவர் 30 டாலருக்கு ஜெர்மானிய மேதை ட்யூரர் வரைந்ததையே வாங்கினாராமே? அதைப் படித்த தைரியத்தில் கேட்கிறேன். இது அசலா? வாங்கி ஊருக்கு எடுத்துப் போகலாமா?

பதில்:

வணக்கம் டீச்சர். நீங்கள் அனுப்பிய மூன்று படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். அசலா என்ற கேள்விக்கு மூன்று படங்களை வைத்து நான் பதில் சொல்லக் கூடாது. வேறு யாராவது சொன்னாலும் நம்பாதீர்கள். ஆனால் ஏலத்துக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது. அதற்குள் நிறையத் தெரிந்துகொள்ள முடியும்.

காகிதத்தில் வரைந்த பழைய ஓவியங்களைப் பழுதுபார்த்துப் பாதுகாக்கும் வேலையில் 22 வருடமாக இருக்கிறேன். எங்கள் மேசைக்கு ஒரு தாள் வந்தால் முதலில் பார்ப்பது, இது கையால் வரைந்ததா அச்சா என்பதை. அப்புறம் தாள் எந்தக் காலத்தது, மை எப்படிப்பட்டது, கோடு எப்படி ஓடுகிறது என்று போவோம். யார் வரைந்தது என்பது கடைசிக் கேள்வி. பெரும்பாலான தாள்களுக்கு அந்தக் கேள்விக்கு விடையே கிடைக்காது. நீங்கள் பெயரிலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள். அதில் உங்கள் தப்பு ஒன்றும் இல்லை, கேட்லாக் உங்களை அப்படித்தான் பார்க்க வைக்கிறது.

அந்த கேட்லாக் சொல்லையே முதலில் எடுத்துக்கொள்வோம். ஏல உலகத்தில் இந்தச் சொற்களுக்குத் தனி அகராதி உண்டு. பெயரை மட்டும் போட்டால், அவரே வரைந்தது என்று நிறுவனம் பொறுப்பேற்கிறது. 'வரைந்ததாகக் கருதப்படுவது' என்றால், அவருடையதாக இருக்கலாம் என்பது எங்கள் கருத்து, அவ்வளவுதான், பொறுப்பில்லை. 'பட்டறை' என்றால் அவர் கண்முன் வேலை செய்த உதவியாளர் கை. 'வட்டம்' என்றால் அவர் காலத்து, அவர் பாணியின் பாதிப்புள்ள யாரோ. 'பின்பற்றியவர்' என்றால் அவர் பாணியில் வரைந்தவர், ஆனால் மாணவர் என்றுகூட சொல்ல முடியாது. 'பாணியில்' என்றால் பிற்காலத்தது. 'பார்த்து வரைந்தது' என்றால் நகல், எந்தக் காலத்து நகலாகவும் இருக்கலாம். 'கையெழுத்திட்டது' என்பதற்கும் 'கையெழுத்து உள்ளது' என்பதற்கும்கூட வித்தியாசம் உண்டு. இரண்டாவதில் அந்தக் கையெழுத்து வேறொருவர் போட்டதாகத் தெரிகிறது என்று அர்த்தம். பெரிய நிறுவனங்கள் தருகிற ஐந்து வருட உத்தரவாதம்கூட, பெயரை முழுதாக ஏற்றுக்கொண்ட லாட்டுகளுக்கு, அதாவது ஏலப் பொருள்களுக்குத்தான். உங்கள் லாட்டில் உள்ள சொல்லுக்கு அந்தப் பாதுகாப்பு பொதுவாகக் கிடைக்காது. சிறிய நிறுவனங்களில் பெரும்பாலும் வேண்டுமென்றே செய்த போலி என்று நீங்கள் நிரூபித்தால் மட்டும், அதுவும் சில வாரங்களுக்குள், பணம் திரும்பி வரும். நிபந்தனைப் பக்கத்தை உங்கள் மகனோடு உட்கார்ந்து ஒருமுறை முழுதாகப் படியுங்கள்.

சரி, இனி தாளுக்கு வருவோம்.

குவெர்ச்சினோ என்பது பட்டப்பெயர். மாறுகண் காரர் என்று அர்த்தம். இயற்பெயர் ஜொவான்னி பிரான்செஸ்கோ பார்பியேரி. இத்தாலியில் செந்தோ என்ற சிற்றூரில் 1591-இல் பிறந்து, 1666-இல் பொலோன்யாவில் இறந்தவர். வரைந்துகொண்டே இருந்த மனிதர். அவர் இறந்தபின் வீட்டில் இருந்த கோட்டோவியங்கள் சகோதரி வழி வந்த ஜென்னாரி குடும்பத்திடம் போய்ச் சேர்ந்தன. அவற்றில் பெரும் பங்கை 18-ஆம் நூற்றாண்டில் மன்னர் மூன்றாம் ஜார்ஜின் நூலகர் ரிச்சர்ட் டால்டன் இங்கிலாந்துக்கு வாங்கி வந்தார். இன்றும் அவை விண்ட்சர் கோட்டையில் இருக்கின்றன. உலகத்தில் குவெர்ச்சினோ கோட்டோவியங்கள் அதிகமாக இருக்கும் இடம் அதுதான்.

இந்தக் கதை உங்கள் லாட்டுக்கு ஏன் முக்கியம் தெரியுமா? அதே டால்டன் வழியாக 1764-இல் பிரான்செஸ்கோ பார்தொலொஸ்ஸி என்ற செதுக்கோவியர் லண்டன் வந்தார். மன்னரிடம் இருந்த குவெர்ச்சினோ தாள்களை அவர் செப்புத்தகட்டில் கோட்டுக்குக் கோடு செதுக்கி அச்சிட்டார். அந்த அச்சுப் படிகள் நன்றாக விற்றன, வீடுகளில் மாட்டப்பட்டன, 250 வருடத்தில் பழுப்பேறின. கண்ணாடிக்குப் பின்னால், அட்டையில் ஒட்டிய நிலையில், போனில் எடுத்த படத்தில் அவற்றைப் பேனாவால் வரைந்ததென்று நினைக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தப் படிகளைப் பார்த்துப் பழகிய மாணவர்கள் வரைந்த நகல்களும் ஏராளம்.

ஆகவே இன்று மாலையே ஒரு வேலை செய்யுங்கள். பைசா செலவில்லை. அரச சேகரிப்பின் இணையதளத்திலும் பிரிட்டிஷ் மியூசியத்தின் இணையதளத்திலும் குவெர்ச்சினோ பெயரைப் போட்டுத் தேடுங்கள். பார்தொலொஸ்ஸியின் பெயரிலும் தேடுங்கள். உங்கள் முதியவர் அதே மாதிரி உட்கார்ந்து வேறெங்காவது கிடைத்தால், உங்கள் லாட் அதன் அச்சுப் படியாகவோ நகலாகவோ இருக்க வாய்ப்பு மிக அதிகம். இடவலம் மாறியிருந்தாலும் விட்டுவிடாதீர்கள். அச்சில் படம் திரும்பிவிடும். காவிக்கட்டியால் வரைந்த தாளின் மேல் ஈரத்தாளை வைத்து அழுத்தி எடுக்கும் பிரதியிலும் அப்படியே. வலது கைக்காரர் போடும் நிழற்கோடு இயல்பாகக் கீழ் இடமிருந்து மேல் வலமாகச் சாயும். காவிக்கட்டி ஓவியத்தில் அது எதிர்ப்பக்கம் சாய்ந்து, கோடும் மங்கலாக இருந்தால், அழுத்தி எடுத்த பிரதியோ என்று முதலில் சந்தேகப்பட வேண்டும்.

இதில் எனக்கே அடி விழுந்திருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம், ஆன்லைன் ஏலத்தில் ஒரு பெண்ணின் தலையை 340 பவுண்டுக்கு வாங்கினேன். காவிக்கட்டியால் வரைந்த 18-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓவியம் என்று போட்டிருந்தார்கள். அப்போது எனக்கு அது ஒரு மாத வாடகை. பார்சலைப் பிரித்து 10 மடங்கு லென்ஸ் வைத்த அடுத்த நிமிடமே தெரிந்துவிட்டது. காவிக்கட்டி தாளின் மேட்டில் ஒட்டிப் பள்ளத்தை விட்டுவிடும், துகள் தாறுமாறாக இருக்கும். இதில் புள்ளிகள் வரிசை கட்டி நின்றன. பற்சக்கரத்தைத் தகட்டில் உருட்டிக் காவிக்கட்டிக் கோடுபோலவே அச்சிடும் ஒரு முறை 1750-களில் பிரான்சில் வந்தது. தெமார்த்தோ, பொன்னே போன்றவர்கள் அதில் கெட்டிக்காரர்கள். நான் வாங்கியது அந்த வகை அச்சு. தகட்டின் விளிம்பு பதிந்த தடத்தை யாரோ எப்போதோ வெட்டி எடுத்திருந்தார்கள். ஏலப் படத்தில் அந்தப் புள்ளிகள் தெரிந்திருக்கவே முடியாது. பெரிய படம் கேட்காமல் பணம் போட்டதுதான் நான் செய்த தவறு. அதிலிருந்து, கோட்டின் மேல் கேமராவை வைத்து ஒரு நாணய அகலம் மட்டும் தெரியும்படி எடுத்த படம் வராமல் நான் ஏலம் கேட்பதில்லை.

நீங்களும் அதைக் கேளுங்கள். கண்டிஷன் ரிப்போர்ட் வேண்டும் என்று இன்றே எழுதுங்கள். கண்ணாடியிலிருந்து வெளியே எடுத்து, முன்பக்கம், பின்பக்கம், நான்கு விளிம்பு, பக்கத்திலிருந்து விளக்கைச் சாய்த்து அடித்து ஒரு படம். அட்டையில் ஒட்டாத தாளாக இருந்தால் பின்னாலிருந்து வெளிச்சம் விட்டும் ஒரு படம் கேட்டிருக்கலாம். நல்ல நிறுவனங்கள் மறுக்க மாட்டார்கள். நேரம் இல்லை என்று பதில் வந்தால், அந்தப் பதிலையே ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சாய்ந்த வெளிச்சத்தில் தாளின் மேல்தோல் பேச ஆரம்பிக்கும். 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரோப்பாவில் காகிதம் கம்பி வரிசை கட்டிய சட்டத்தில்தான் செய்தார்கள். நெருக்கமான மெல்லிய வரிகளும், அவற்றைக் குறுக்கே வெட்டி இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு ஒன்றாகப் போகும் தடித்த கோடுகளும் தாளிலேயே பதிந்திருக்கும். 1757 வாக்கில் ஜேம்ஸ் வாட்மன் என்ற ஆங்கிலேயரின் காகிதப் பட்டறையில் நெய்த வலையில் வார்த்த வழவழப்பான தாள் வந்தது. ஆகவே வரியே இல்லாத வழவழப்புத் தாளில் 1666-இல் இறந்தவர் வரைந்திருக்க முடியாது. அங்கேயே கதை முடிந்தது. மரக்கூழ்த் தாள் என்றால் 19-ஆம் நூற்றாண்டின் நடுவுக்குப் பிந்தையது. புற ஊதா விளக்கில் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால், வெளுப்பேற்றும் ரசாயனம் சேர்த்த தாள், ஏறக்குறைய 1950-க்குப் பிந்தையது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள் டீச்சர். தாளால் 'இல்லை' என்று சொல்ல முடியும், 'ஆம்' என்று சொல்ல முடியாது. எரிக் ஹெப்போர்ன் என்ற ஆங்கிலேயர் ரோமில் இருந்துகொண்டு பழைய புத்தகங்களின் வெற்றுத் தாள்களைச் சேகரித்து, அவற்றில் பழைய மேதைகளின் பாணியில் வரைந்து விற்றார். தாள் நிஜமாகவே பழசு. பழைய தாளில் பசைப்பூச்சு தேய்ந்துபோயிருப்பதால் புதிய மை கசிந்து பரவும். அது அவருக்கும் தெரியும், அதற்கேற்பத் தாளைப் பக்குவப்படுத்திக்கொண்டார். பெரிய மியூசியங்கள் வாங்கின. 1978-இல் வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருந்த கான்ராட் ஓபர்ஹூபர் என்ற வல்லுநர், தங்களிடம் சவெல்லி ஸ்பெராண்டியோ பெயரில் இருந்த தாளும், நியூயார்க் மார்கன் நூலகத்தில் பிரான்செஸ்கோ டெல் கொஸ்ஸா பெயரில் இருந்த தாளும் ஒரே காகிதம் என்பதைக் கண்டார். இரண்டு வெவ்வேறு கலைஞர்கள், ஒரே காகிதம், இரண்டையும் விற்றவரும் ஒரே வியாபாரி. அப்படித்தான் நூல் பிரிந்தது. 1984-இல் ஹெப்போர்னே ஒப்புக்கொண்டார். அவரைச் சொல்லி உங்களைப் பயமுறுத்த வேண்டியதில்லை. 600 பவுண்டு லாட்டுகளில் அவரைப் போன்ற கை அபூர்வம். அங்கே வருகிற தவறுகளில் பெரும்பாலானவை, யாரோ ஒரு மாணவன் நல்ல எண்ணத்தோடு பழகிய நகலுக்குப் பின்னால் வந்தவர்கள் பெரிய பெயரை ஒட்டியதால் வந்தவை.

மையைப் பற்றி உங்களிடம் பேசுவது எனக்குச் சந்தோஷம், ஏனென்றால் உங்களுக்கு அது பாதி தெரிந்த விஷயம். நம் ஊரில் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் கறுப்பு எடுத்தார்கள் அல்லவா? குவெர்ச்சினோவின் மையும் அதன் உறவுதான். அவர்கள் கடுக்காய்க்குப் பதில் மாசிக்காய் போட்டார்கள். அந்த மை எழுதும்போது கறுத்து, நூற்றாண்டுகள் போகப் போகப் பழுப்பாகும். நீங்கள் இன்று பார்க்கும் அந்த அழகான பழுப்பு பெரும்பாலும் அவர் பார்த்த நிறமே இல்லை. இரும்பும் அமிலமும் தாளை உள்ளே இருந்து தின்னும். மை அதிகமாகத் தேங்கிய இடத்தில் பின்பக்கம் பழுப்பு ஊறித் தெரியும். கோட்டைச் சுற்றி மங்கலான ஒரு நிழல் படரும், கடைசியில் கோடு கிடந்த இடமே உடைந்து விழுந்துவிடும். குவெர்ச்சினோ தாள்கள் இந்த நோய்க்குப் பேர்போனவை. அவர் மையைக் கஞ்சத்தனமாகப் பயன்படுத்தியவர் இல்லை. நான் பார்த்த சில தாள்களில் கண்ணும் புருவமும் இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது.

எனவே பின்பக்கப் படம் வந்தால், மிகக் கறுத்த இடங்கள் அங்கே ஆவிபோலத் தெரிகின்றனவா என்று பாருங்கள். உங்கள் லாட் அட்டையில் ஒட்டியிருப்பதால் அது கிடைக்காமல் போகலாம். அப்படியானால் முன்பக்கத்திலேயே அடர்ந்த கோடுகளில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பெரிய படத்தில் தேடுங்கள். நீங்கள் அனுப்பியதில் முதியவரின் அங்கி மடிப்பில் மை மிக அடர்த்தியாக இருக்கிறது, ஆனால் சுற்றிலும் தாள் கொஞ்சம்கூட மாறாமல் இருக்கிறது. படத்தின் தெளிவு போதாமல் இருக்கலாம். மரப்புகைக் கரியில் செய்த பழுப்பு மையாகவும் இருக்கலாம், அது தாளைத் தின்னாது. ஆனால் எனக்கு அந்த இடம் உறுத்துகிறது. பூச்சி அரித்த ஓட்டை இருந்தால் அதன் விளிம்பையும் பாருங்கள். மை ஓட்டைக்குள் இறங்கிக் கறை படிந்திருந்தால், பூச்சி முதலில் வந்தது, பேனா பிறகு வந்தது.

இதையெல்லாம் விட உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று இருக்கிறது. கோடு.

31 வருடம் பிள்ளைகள் போர்டைப் பார்த்து வரைந்ததைத் திருத்தியிருக்கிறீர்கள். பார்த்து வரைகிற கோட்டையும் தேடி வரைகிற கோட்டையும் உங்களைவிட யார் சொல்ல முடியும்? நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு கோலம் போடுகிறவள் ஒவ்வொரு வளைவிலும் ஒரு கணம் நிற்பாள், மாவு அங்கே கொஞ்சம் கூடுதலாக விழும். கை பழகியவளின் இழை நிற்காது. பேனாக் கோட்டிலும் அதே தடயம் இருக்கும். நகல் எடுப்பவருக்குத் தோள் எங்கே முடிகிறது என்று முன்பே தெரியும், அதனால் அவர் கோடு அங்கே போய்ச் சரியாக நிற்கும், இரண்டு முனையும் மூடும், அழுத்தம் ஒரே சீராக இருக்கும். குவெர்ச்சினோவுக்குத் தோள் எங்கே முடியும் என்று வரைந்து பார்த்தால்தான் தெரியும். ஒரு கோடு போட்டு, அதன்மேல் இன்னொன்று போட்டு, மூன்றாவதைப் பாதியில் விட்டுவிடுவார். மயிரும் துணியும் சுருள் சுருளாக முடிச்சுப் போடும். பேனா தாவித் தாவிப் போகும். அப்புறம் பிரஷ்ஷில் வாஷை எடுத்து, கோட்டைப் பற்றிக் கவலைப்படாமல் வெளிச்சத்தைப் பற்றி மட்டும் கவலைப்பட்டு வீசுவார். அவர் வாஷ் கோட்டுக்குள் அடங்கி நிற்காது.

உங்கள் படத்தைப் பாருங்கள். தாடி நன்றாகவே இருக்கிறது, அதில் ஒரு துள்ளல் உண்டு. ஆனால் புத்தகத்தைப் பிடித்த கையைக் கவனியுங்கள். ஐந்து விரலும் ஒன்றுபோல அளந்து எல்லைகட்டி இருக்கின்றன, நகம்கூட இருக்கிறது. வாஷ் மடிப்புகளுக்குள் எங்கும் மீறாமல் அடங்கி உட்கார்ந்திருக்கிறது. மாற்றி வரைந்த தடயம் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. பக்க வெளிச்சத்தில் ஊசிமுனைப் பள்ளமோ, கோட்டை ஒட்டிக் குத்திய துளை வரிசையோ தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஆரி வேலைக்கு ட்ரேஸிங் பேப்பரில் துளை போட்டுப் பொடி தேய்த்து டிசைன் இறக்குவார்களே, அதே வேலையை அங்கேயும் கரித்தூளில் செய்தார்கள். வரைந்த கோட்டின் மேல் துளை போட்டிருந்தால், இந்தத் தாளிலிருந்து வேறொன்றுக்கு இறக்கியிருக்கிறார்கள். மைக்கு அடியில் கரிப்புள்ளி வரிசை இருந்தால் வேறொன்றிலிருந்து இதற்கு இறங்கியிருக்கிறது. இரண்டாவது நமக்குக் கெட்ட செய்தி.

இன்னொரு சோதனையும் உண்டு. பிரபல ஓவியம் ஒன்றோடு ஒரு கோட்டோவியம் மடிப்புக்கு மடிப்பு ஒத்துப்போனால் விற்பவர்கள் கொண்டாடுவார்கள். நாங்கள் தயங்குவோம். தயாரிப்புப் படம் என்றால் ஓவியத்தில் வராத ஏதாவது அதில் இருக்க வேண்டும், தலை வேறு பக்கம் திரும்பியிருக்கும், கை கீழே இருக்கும். எல்லாமே ஒத்துப்போனால், முடிந்த ஓவியத்தைப் பார்த்து யாரோ வரைந்தது என்பதே முதல் ஊகம்.

பெயரையும் முத்திரையையும் சுருக்கமாகவே சொல்கிறேன். அந்தக் காலத்தவர்கள் கோட்டோவியத்தில் பெரும்பாலும் கையெழுத்து போடுவதில்லை. மூலையில் உள்ள பெயர் பின்னால் வந்த சேகரிப்பாளரோ வியாபாரியோ எழுதிவைத்த கருத்து. பி.எல். என்பது பீட்டர் லிலி என்ற அரசவை ஓவியருடைய சேகரிப்பைக் குறிக்கும். லிலி 1680-இல் இறந்தபின் அவர் சொத்தை நிர்வகித்த ரோஜர் நார்த், 1688-இல் நடந்த ஏலத்துக்கு முன் இந்த முத்திரையைத் தாள்களில் குத்தினார். நிஜ முத்திரை என்றால் தாள் 17-ஆம் நூற்றாண்டைத் தாண்டாது, அது பெரிய விஷயம்தான். ஆனால் முத்திரையைப் போலி செய்வது ஓவியத்தைப் போலி செய்வதைவிட எளிது. ஃப்ரிட்ஸ் லுக்ட் என்ற டச்சுக்காரர் 1921-இல் தொகுத்த சேகரிப்பாளர் முத்திரைகளின் அட்டவணை பாரிஸில் உள்ள கஸ்தோடியா அறக்கட்டளையின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. லிலியின் எண் 2092. எழுத்தின் வடிவம், அளவு, மை நிறம் மூன்றையும் ஒப்பிடுங்கள். முத்திரையின் அளவு தெரிய அருகில் ஸ்கேல் வைத்து எடுத்த படம் கேளுங்கள். முத்திரை தாளில் இருக்கிறதா, அட்டையில் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

அந்த 30 டாலர் ட்யூரர் கதை உண்மைதான். 2016-இல் மாசசூசெட்ஸில் ஒரு வீட்டுப் பொருள் விற்பனையில் வாங்கியது. ஆனால் அதை ட்யூரர் என்று யாரும் 30 டாலருக்கு விற்கவில்லை. மூன்று வருடம் கழித்து அது வல்லுநர்கள் கைக்கு வந்தபிறகு, தாளில் ட்யூரர் பல இடங்களில் பயன்படுத்திய சூலமும் வளையமும் கொண்ட நீர்க்குறி (காகிதம் செய்யும்போதே பதிந்து, வெளிச்சத்தில் தெரியும் அடையாளம்) இருப்பதைக் கண்டு, மெல்ல மெல்லப் பெயர் வந்து சேர்ந்தது. உங்கள் லாட்டின் நிலைமை நேர் எதிர். பெயர் ஏற்கெனவே போட்டாயிற்று. இணையத்தில் போட்டதால் லண்டன், பாரிஸ், நியூயார்க்கில் இருக்கும் இத்தாலிய ஓவிய வியாபாரிகள் அத்தனை பேர் திரையிலும் அது வந்திருக்கும். ஒத்துக்கொள்ளப்பட்ட குவெர்ச்சினோ இந்த எஸ்டிமேட்டைப்போல் பல மடங்குக்குப் போகும். 700 பவுண்டில் அது உங்களுக்குக் கிடைக்கிறது என்றால், வாழ்நாள் முழுக்க இதையே பார்த்தவர்கள் எல்லோரும் வேண்டாம் என்று சொன்னபிறகுதான் கிடைக்கிறது. விலை ஏறிக்கொண்டே போனால் அவர்களோடு நீங்கள் போட்டி போடக் கூடாது.

பணக் கணக்கும் பார்த்துவிடுங்கள். 700 பவுண்டுக்குச் சுத்தியல் விழுந்தால், அதாவது ஏலம் முடிந்தால், வாங்குவோர் கட்டணம் 25 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 175, அதன்மேல் வரி 35, இணையதளக் கட்டணம் ஐந்து சதவீதம் என்றால் வரியோடு 42. ஆக 952 பவுண்டு, தபால் செலவு தனி. உங்கள் 1,000 அங்கேயே தீர்ந்துவிடும்.

ஊருக்கு எடுத்துப் போவதைப் பற்றி எனக்கு இரண்டு தயக்கம். முதலாவது சட்டம். நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் இந்தியாவிலிருந்து வெளியே அனுப்ப 1972-ஆம் வருடச் சட்டம் அனுமதிப்பதில்லை. அந்த வரையறையில் பொருள் எந்த நாட்டில் செய்தது என்ற விலக்கு இல்லை. உள்ளே போய்விட்டால், பின்னால் போலி என்று தெரிந்தோ விற்க நினைத்தோ திருப்பி அனுப்புவது பெரிய சிக்கல். இரண்டாவது காற்று. மாசிக்காய் மைக்கு ஈரக்காற்று ஆகாது, அரிப்பு வேகமெடுக்கும். காவிரிக் கரை மழைக்காலமும் வெள்ளி மீன் பூச்சியும் உங்களுக்குத் தெரியாததா? லண்டனில் மகன் வீட்டில், வெயில் படாத உள்சுவரில், அமிலம் இல்லாத மவுண்ட் போட்டு இருக்கட்டும்.

இவ்வளவும் சொன்னபிறகு, வாங்கவே வேண்டாம் என்கிறேனா என்றால் இல்லை. அந்தத் தாடியை வரைந்தவர் யாராக இருந்தாலும் பேனா பிடிக்கத் தெரிந்தவர். 17 அல்லது 18-ஆம் நூற்றாண்டில் பொலோன்யாப் பக்கம் குவெர்ச்சினோவைப் பார்த்துப் பழகிய ஒரு பெயர் தெரியாத கை என்று வைத்துக்கொண்டு, அதற்கு என்ன கொடுப்பீர்களோ அதைக் கொடுங்கள். என் கணக்கில், கேட்ட படங்கள் வந்து, அது அச்சு இல்லை, தாள் வரி உள்ள பழைய தாள்தான் என்று தெளிவானால், எல்லாக் கட்டணமும் சேர்த்து 350 பவுண்டு. சுத்தியல் விலையில் 250-க்குக் கொஞ்சம் மேல் வரும். எஸ்டிமேட்டுக்குக் கீழே என்பதால் கிடைக்காமலும் போகலாம். படங்கள் வரவில்லை என்றால் கையைத் தூக்கவே வேண்டாம்.

ஏலத்துக்கு முன் இன்னொன்று செய்யுங்கள். பிரிட்டிஷ் மியூசியத்தில் அச்சோவியங்களும் கோட்டோவியங்களும் பார்க்கும் படிப்பறை இருக்கிறது. முன்கூட்டியே நேரம் கேட்டு எழுதினால் யார் வேண்டுமானாலும் போகலாம், கட்டணம் கிடையாது. குவெர்ச்சினோவின் பேனாத் தாள்கள் நான்கைந்து வேண்டும் என்று கேளுங்கள். பெட்டியில் கொண்டுவந்து உங்கள் முன்னால் மேசையில் வைப்பார்கள், இடையில் கண்ணாடிச் சுவர் இருக்காது. பென்சில் மட்டும்தான் உள்ளே அனுமதி. ஒரு லென்ஸ் எடுத்துப் போங்கள். முதலில் கைகளை மட்டும் பாருங்கள், விரல்களை அவர் எப்படி முடிக்கிறார், எங்கே முடிக்காமல் விடுகிறார் என்று. பார்த்ததை உங்கள் நோட்டில் நீங்களே வரைந்தும் பாருங்கள். அப்புறம் வீட்டுக்கு வந்து லாட்டின் படத்தைத் திறங்கள்.

நிறுவனத்திடமிருந்து படங்கள் வந்ததும் எனக்கும் அனுப்புங்கள் டீச்சர். பின்பக்கம் கிடைத்தால் அதை முதலில் அனுப்புங்கள். ஏலத்துக்கு முந்தின நாள் இரவுக்குள் பதில் எழுதிவிடுகிறேன்.